சீக்காளிக்கு ஒரு ரொட்டி

இந்தப் பயணத்தில் எனக்கு ரொட்டி கொடுக்காதவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கப்பலில் கொடுத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினாள். காட்பாடியில் இறங்கியதும் தலை சுற்றி நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு போர்ட்டர் ஓடிப்போய் டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார், காசு கூட வாங்கிக்கொள்ளவில்லை. எலும்பும் தோலுமாக ஒரு பெண்ணைக் கண்டால் நம் ஜனங்களுக்கு ரொட்டி ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். வாங்கித் தின்றால் நான் செத்துப்போவேன். இதை யாருக்கு எப்படிச் சொல்வது?

அப்போது எனக்கே அது தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத்தான் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

நான் பினாங்கில் செருப்புக் கடை வைத்திருப்பவள். கணவர் தொடங்கிய கடை. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். இரண்டு மூன்று வருஷமாகவே வயிறு சரியில்லை. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போய்க்கொண்டிருந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. பினாங்கில் பார்க்காத டாக்டர் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கடைசியில் வேலூரில் ஒரு டாக்டரம்மாள் இருக்கிறார், வயிற்று நோய்க்குக் கைராசி என்று யாரோ சொன்னார்கள். கடைக்குத் தோலும் வாங்க வேண்டியிருந்தது, ஆம்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே நடையில் இரண்டு வேலை என்று கிளம்பினேன். அது அரிசித் தட்டுப்பாட்டு வருஷம் என்பதைக் கப்பல் ஏறும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மாள் சீமையில் படித்துவிட்டு வந்து வீட்டு முன்கட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர். சிரிக்க மாட்டார். என்னென்னவோ சோதித்துவிட்டு, கோதுமை சாப்பிடுவீர்களா என்று கேட்டார். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, ராத்திரி மீ என்றேன். மீ என்றால் கோதுமை மாவில் செய்கிற சீனத்துச் சேமியா. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோதுமைக்குள் ஒரு பசை இருக்கிறதாம். சிலருடைய குடலுக்கு அது ஆகாதாம். உள்பக்கத்தை மழமழவென்று தேய்த்து, தின்ற சத்து எதையும் உள்ளே இழுக்கவிடாமல் செய்துவிடுமாம். சீமையிலேயே இதை இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்றார்.

"ரொட்டி, பூரி, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் கூடாது. ஒரு துணுக்கு கூடக் கூடாது. உயிரோட இருக்கிற வரைக்கும் கூடாது. சோறு சாப்பிடுங்க. உடம்பு தேறினா நான் சொன்னது சரி. தேறலேன்னா வேற ஏதோ கட்டி கிட்டி இருக்குன்னு அர்த்தம். வயித்தைத் திறந்துதான் பார்க்கணும்."

அப்போது இருந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் திரும்ப மூட வேண்டிய அவசியமே இருக்காது என்று எனக்கே தெரிந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். என் அம்மா இப்படித்தான் போனாள். இதே மாதிரி மெலிந்து, இதே மாதிரி வயிறு உப்பி. அம்மா கணியம்பாடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தவள். சீக்காளி என்று சொல்லி அப்பா வீட்டுக்காரர்கள் அவளுக்கு மூன்று வேளையும் பாலில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினார்கள். கடைசி நாட்களில் களி வேண்டும், களி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புத்தி பேதலித்துவிட்டது, இல்லாவிட்டால் சாகக் கிடக்கிறவள் கல்லு மாதிரி களியைக் கேட்பாளா என்று பெரியப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் திதிக்கு ஒவ்வொரு வருஷமும் அண்ணன் படையல் இலையில் ரொட்டியும் பாலும் வைக்கிறான், அவள் கடைசியாகச் சாப்பிட்டது அதுதான் என்பதால்.

அன்று இரவு வேலூரில் தங்கினேன். ஓட்டலில் போய்ச் சோறு கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரில சோறு கெடையாதும்மா. அரிசி ஏது? சப்பாத்தி, பூரி, ரவா உப்புமா. இன்னா வேணும்?"

இட்லியாவது இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ரவா இட்லி என்றார். எதிரே உட்கார்ந்து பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர், கோதுமையைப் பழகிக்கொள்ள வேண்டும், வடநாட்டுக்காரனைப் பாருங்கள், அதைத் தின்றுதான் கடா மாதிரி இருக்கிறான் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் கேட்கவே இல்லை. இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன். பினாங்கில் எந்த நேரத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு தட்டுச் சோறு கிடைக்கும். நெல் விளைகிற ஊருக்கு வந்து, கையில் காசை வைத்துக்கொண்டு, சோற்றுக்குப் பட்டினி கிடந்தேன்.

மறுநாள் குடியாத்தம் போனேன். அங்கே என் நாத்தனார் சரோஜா இருக்கிறாள், கணவரின் ஒரே தங்கை. அவள் புருஷன் துரைசாமி கைலி நெய்கிறவர். வீட்டிலேயே இரண்டு தறி. போகிற பஸ் பள்ளிகொண்டா தாண்டி நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். என்னைப் பார்த்துவிட்டு, நீங்க மட்டும் உட்காருங்கம்மா, நீங்க இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான் என்றார் கண்டக்டர். இரக்கமாகத்தான் சொன்னார். நான் வேண்டுமென்றே இறங்கி நின்றேன்.

சரோஜா என்னைப் பார்த்து வாசலிலேயே அழுதாள். டாக்டரம்மாள் சொன்னதை ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னேன். கோதுமை கூடாது, ரொட்டி பூரி ரவை சேமியா பிஸ்கட் எதுவும் கூடாது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக எடுத்துவைத்தாள். உடம்பைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் கொண்டுவந்த பிஸ்கட்டுகளை வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். அவளை மாதிரி ஒரு காவல்காரி எனக்கு வாய்த்ததில்லை.

காலையும் இரவும் எனக்கு அரிசிக் கஞ்சி. கெட்டியாக, வெள்ளையாக, உப்புப் போட்டு, தொட்டுக்கொள்ள ஒரு துவையல். மத்தியானம் கொஞ்சம் சோறும் ரசமும். கூடத்தில் எனக்கு மட்டும் மணை போட்டு உட்காரவைப்பாள். நீங்களும் வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்றால் யாரும் வரமாட்டார்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் சாப்பிடுவார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பினாங்கில் எங்கள் கடைப் பையன்கள் கூட என்னோடு ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். தொற்று நோய்க்காரியைப் போல என்னை ஒதுக்குகிறார்களோ என்று கூட நினைத்தேன்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், நான் தேறவில்லை. கோதுமையைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை, ஆனாலும் வயிறு பழையபடியே போய்க்கொண்டிருந்தது. சொன்ன தவணைக்கு வேலூருக்குப் போனேன். டாக்டரம்மாள் எடைக் கருவியில் நிற்கவைத்தார். முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம ரொட்டி சாப்பிடறீங்களா?"

என் கடையில் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடியவனைக் கூட நான் இப்படிக் கேட்டதில்லை. உயிருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள் திருட்டு ரொட்டி தின்பாளா என்று கேட்டேன். தின்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார் அவர், அமைதியாக. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் அறுவைதான், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கோபத்தோடுதான் ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். சாகப்போகிறேன் என்றால் வாங்க வேண்டிய தோலையாவது வாங்கிக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சாகலாம் என்று இருந்தது. எதிர்ப் பலகையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்ற தைரியம். இவளுக்கு க்ஷயம் போலிருக்கிறது, குழந்தையை அந்தப் பக்கம் விடாதே என்றாள் ஒருத்தி. பாவம், ரொட்டியும் பாலும் கொடுத்தால் தேறுவாள் என்றாள் மற்றவள். பினாங்கில் என் பக்கத்துக் கடைக்காரர் நாயுடு. நான் தெலுங்கிலேயே, எனக்கு க்ஷயம் இல்லை, உங்கள் ரொட்டியும் வேண்டாம் என்றேன். ஆம்பூர் வரை பெட்டியில் ஒரு சத்தம் இல்லை.

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே தோல் வாசனை வந்து வரவேற்றது. ஊர்க்காரர்களுக்கு அது மூக்கில் ஏறுவதில்லை. எனக்கும் கடை வாசனைதான், பிடித்தே இருந்தது. என் கணவர் காலத்திலிருந்து எங்களுக்குத் தோல் அனுப்புகிற இப்ராஹிம் பாய் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பியிருந்தார். ஆலையைச் சுற்றிக் காட்டினார். சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி என்று வரிசையாக இருந்தன. ஒரு தொட்டியில் மட்டும் வேறு மாதிரி ஒரு புளித்த வாடை. என்ன இது என்றேன். ஆட்டுத்தோல் மிருதுவாகக் கோதுமைத் தவிட்டுத் தண்ணீரில் ஊறவைக்கிறோம் என்றார். செத்த ஆட்டைக் கூட விடவில்லையா இந்தக் கோதுமை என்று நினைத்துக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றேன்.

பேரத்துக்கு உட்கார்ந்ததும் பாய், வீட்டில் ஆம்பிளை யாரும் வரவில்லையா என்று இழுத்தார். ஒரு தோலை எடுத்து மடித்து, மடிப்பில் வெடிப்பு விட்டிருப்பதை அவர் கண் எதிரே பிடித்தேன். அதற்குப் பிறகு அவர் ஆம்பிளையைத் தேடவில்லை.

சாயங்காலம் குடியாத்தம் திரும்புவதாக இருந்தேன். மலைப்பக்கம் நல்ல மழை பெய்து குடியாத்தத்துக் கௌண்டின்ய ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது, ஊருக்குள் வண்டி எதுவும் போகாது என்றார்கள். பாய் என்னைத் தன் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்தார். அவர் மனைவி ஜைனப் என் வயதுக்காரி. விருந்தாளிக்கென்று பரோட்டாவுக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். நான் கோதுமை ஆகாது என்று தொடங்கினேன். விளக்கம், அதற்கு மேல் விளக்கம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"அப்போ சோறு சாப்பிடுங்கக்கா. இதுல இன்னா பேஜாரு?" என்று மாவுப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டாள்.

இந்தப் பயணத்தில் என்னை ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். அவர்களுக்குத் திமிரிப் பக்கம் நிலம் இருந்தது. வீட்டில் நெல் இருந்தது. சோறும், கறி வேகவைத்த தெளிந்த சாறும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பிரியாணி. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும். வீட்டுப் பெண்கள் உருதுவில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கதவு நிலையில் நின்ற ஒருத்தி, இந்த வயிற்றுக்குப் பிரியாணி கொடுத்தால் பழி நமக்குத்தான் வரும் என்று சொன்னதாக ஜைனப் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். நானும் பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினேன். வெள்ளம் வடிகிற வரை அங்கே இருந்தேன். புறப்படும்போது வளையல் மணிக்கட்டிலேயே நின்றது போல் இருந்தது. அல்லது நின்றதாக நான் நம்பிக்கொண்டேன்.

குடியாத்தம் திரும்பிய இரண்டாம் நாளே வயிறு பழையபடி ஆகிவிட்டது.

"பாய் வூட்டு பிரியாணி ஒத்துக்கல அண்ணி," என்றாள் சரோஜா வருத்தத்தோடு. கஞ்சியை இன்னும் கெட்டியாகக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள்.

நான் அந்தக் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கறி தின்று தூங்குகிற வயிறு, அரிசிக் கஞ்சிக்கு ஏன் அழுகிறது? வேலூரில் எடைக் கருவியும் கத்தியும் எனக்காகக் காத்திருந்தன. பசிக்கவில்லை என்று சொல்லிக் கஞ்சியைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் வாசலுக்கு வந்தேன். குடியாத்தத்து நெசவாளர் தெருவை அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். தறியில் ஏறப்போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிப் பெரிய பிரஷால் நீவிக்கொண்டே நடக்கிறார்கள். கஞ்சி காய்ந்தால் நூல் விறைத்து நிற்கும், நெய்யும்போது அறாது. துரைசாமியும் நாலைந்து பேரும் வேலையாக இருந்தார்கள். ஓரமாக அடுப்பில் பாவுக் கஞ்சி அண்டா இருந்தது. சரோஜா ஒரு சின்னச் சட்டியோடு வந்தாள். அண்டாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டு, முந்தானையால் மூடி, வீட்டுக்குள் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்பில் என் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு பிடி அரிசி. அதில் சட்டியைக் கவிழ்த்துக் கலக்கினாள். கஞ்சி கெட்டியாயிற்று.

அது என்ன என்று கேட்டேன்.

"பாவுக் கஞ்சி அண்ணி. இப்போதான் காய்ச்சினது. எண்ணெ ஊத்தறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன், சுத்தமா இருக்குது."

"எதுல காய்ச்சினது?"

"மைதாவுல."

மைதா என்றால் கோதுமை என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். மைதா கிழங்கு மாவு, மரவள்ளிக் கிழங்கு மாவு, அது எப்படிக் கோதுமையாகும் என்றாள். சத்தம் கேட்டுத் துரைசாமியும் வந்தார். அவரும் அதையே சொன்னார். யுத்த காலத்தில் சேலத்திலிருந்து கிழங்கு மாவுதான் மூட்டை மூட்டையாக மைதா என்று வந்ததாம். அதைத்தான் பாவுக்குப் போட்டார்களாம். அதற்குப் பிறகு மூட்டைக்குள் என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. நூல் விறைத்தால் போதும், மாவின் ஜாதியை யார் கேட்கிறார்கள்?

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. பினாங்கில் என் கடைக்குப் பின்வீட்டில் ஒரு சீன அம்மாள், பௌத்த விரதக்காரி, கறி தின்னாதவள். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி அலசி, மிஞ்சுகிறதை வைத்துப் பொய்க் கறி சமைப்பாள். நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். மூட்டையிலிருந்து ஒரு படி மாவை எடுத்துவரச் சொன்னேன். பிசைந்து ஊறவைத்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து, இது கிழங்கு மாவாக இருந்தால் தண்ணீரோடு முழுவதும் கரைந்து போய்விடும், கோதுமையாக இருந்தால் என் கையில் மிஞ்சும், பாருங்கள் என்று சொல்லி அலசத் தொடங்கினேன்.

வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாவு வேலையை விட்டுவிட்டுத் தெருவே கிணற்றடிக்கு வந்துவிட்டது. தண்ணீர் தெளிந்தபோது என் கையில் ரப்பர் மாதிரி ஒரு சாம்பல் நிற உருண்டை இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கிக்கொண்டது. டாக்டரம்மாள் சொன்ன பசை அதுதான். அதைச் சரோஜாவின் கையில் வைத்து, என் அம்மாவைக் கொன்றது இது, என்னைக் கொன்றுகொண்டிருப்பதும் இது, ரெண்டு வேளையும் நீ உன் கையால் ஊட்டியது இது என்றேன். இவ்வளவு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன், அடக்க முடியவில்லை.

அவள் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அரிசி பத்தல அண்ணி," என்றாள். "ரேஷன்ல போடறது உங்களுக்கே பத்தல. தண்ணிக் கஞ்சிய எப்படிக் குடுக்கறது உங்களுக்கு? கெட்டியா இருந்தா தெம்பா இருக்கும்னு..."

வீட்டு அரிசி முழுவதும் எனக்கென்றால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? கேட்டேன். துரைசாமிதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"களிதான்க்கா. கேவுருக் களி."

நான் பின்கட்டுக்குப் போனேன். தினமும் எனக்குச் சாத்தப்பட்ட கதவைத் திறந்தேன். ஒரு சட்டியில் முந்தின நாள் களி உருண்டைகள் தண்ணீரில் கிடந்தன. பக்கத்தில் கடைந்த கீரை. கேழ்வரகில் கோதுமைப் பசை கிடையாது. அதனால்தான் களியைக் கிண்டிக் கிண்டி உருட்ட வேண்டியிருக்கிறது. என் வயிற்றுக்கு ஆகிற சாப்பாடு இந்தக் கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. அவர்கள் நல்லதை ஒளித்துத் தின்றுகொண்டு, விஷத்தை மரியாதையாக மணை போட்டு எனக்குப் பரிமாறியிருக்கிறார்கள்.

இதை ஏன் எனக்குப் போடவில்லை என்று கத்தினேன்.

"பினாங்குலேர்ந்து வந்த அண்ணிக்கு களி போட்டேன்னா ஊரு என்னைக் காறித் துப்பாதா?" என்றாள் சரோஜா. இப்போது அவளுக்கும் கோபம் வந்திருந்தது. "எங்கண்ணன் இருந்திருந்தா இன்னா நெனச்சிருக்கும்?"

உன் அண்ணன் களி கிடைத்தால் கடையைக் கூட விற்றிருப்பார் என்றேன். அது உண்மை. ஒரு தட்டை எடுத்துவந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். சரோஜா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓர் உருண்டையை எடுத்து என் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து கீரையை ஊற்றினாள். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று அவள் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தொண்டையில் இறங்கும்போது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. புத்தி பேதலித்து ஒன்றும் அவள் களி கேட்கவில்லை. தன் உடம்புக்கு எது ஆகும் என்று அந்த வீட்டிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதைத் தின்று இருபது வயது வரை கணியம்பாடியில் காட்டு வேலை செய்தவள். அவள் கேட்டதைக் காதில் வாங்க ஓர் ஆள் இல்லை. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன்; சரோஜா, கீரையில் காரம் ஜாஸ்தி என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் களியும் கேழ்வரகுக் கூழும்தான், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. எனக்கென்று புதுச் சட்டி, புதுக் கரண்டி. மாவு அரைக்கிற எந்திரத்தைக் கழுவிக் காயவைத்தோம். பாவுக் கஞ்சிக் கரண்டி அடுப்படிக்குள் வந்தால் கையை ஒடிப்பேன் என்று நான் சொன்னதைச் சரோஜா தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசித் தவணைக்கு வேலூர் போகும்போது, காய்ந்துபோன அந்தப் பசை உருண்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். எடைக் கருவியில் ஏறுவதற்கு முன்பே அதை டாக்டரம்மாளின் மேஜையில் வைத்தேன். நான் திருட்டுத்தனமாகத் தின்ற ரொட்டி இதுதான் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏறச் சொன்னார். முள் நகர்ந்து, முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"வயித்தைத் திறக்க வேண்டாம். ஊருக்குப் போங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கேட்கவில்லை. சோறு சாப்பிடச் சொன்னீர்களே, அரிசி இல்லாத வருஷத்தில் களி சாப்பிடலாம் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் களி சாப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை என்றார். சரோஜா சொன்ன அதே பதில்தான். சீமைப் படிப்புக்கும் குடியாத்தத்து அடுக்களைக்கும் ஒரே வெட்கம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சரோஜா ஒரு மூட்டை கேழ்வரகு கட்டிக் கொடுத்தாள். சென்னைச் சுங்கத்தில் அதை அவிழ்க்கச் சொன்ன அதிகாரி, இதையா அக்கரைக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று சிரித்தார். கப்பலில் சிப்பந்தி ஒருவர் என்னைப் பார்த்ததும் தட்டில் ரொட்டியும் பாலும் கொண்டுவந்து வைத்து, உடம்பு சரியில்லாதவங்களுக்கு இதுதாம்மா நல்லது என்றார். பாலைக் குடித்துவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பினேன். இந்த முறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

நான் பினாங்கு வந்து சேர்ந்த மாதத்தில் அம்மாவின் திதி வந்தது. அண்ணன் வழக்கம்போல இலையின் நடுவில் ரொட்டியை அடுக்கி, பக்கத்தில் பாலை வைத்திருந்தான். நான் ரொட்டியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். களி உருண்டையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்து, குழி செய்து கீரையை ஊற்றினேன். அண்ணன் பதறிப்போனான்.

"என்ன காரியம் செய்யறே? அம்மா ரொட்டிதானே சாப்பிட்டா?"

"ரொட்டி நாம ஊட்டினது," என்றேன். "அவ கேட்டது இது."

அவன் கற்பூரத்தை ஏற்றினான்.